லோக்கல் எச்டிடிபிஎஸ் (சொந்த மெஷினில் உருவாக்கும் தளத்தை எச்டிடிபிஎஸ்ஸில் ஓட்டுவது): உங்களைப் பாடாய்ப் படுத்தியது எது?

முகப்புநிரலர்:
கேமரா பக்கம். லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட்டில் ஜோராக ஓடியது. போனில் 192.168 முகவரியில் திறந்தால் அனுமதிகூடக் கேட்கவில்லை. பக்கத்துக்குக் கேமராவைத் தரும் மீடியாடிவைசஸ் அப்ஜெக்டே அன்டிஃபைன்ட். எச்டிடிபிஎஸ் இல்லாமலே கேமராவைத் திறக்க, லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் பிரவுசர் தரும் சலுகை அந்த ஐபிக்குக் கிடையாதே. லோக்கல் சர்ட்டிஃபிகேட் உருவாக்கும் எம்கேசெர்ட் கருவியில் ஐபியையும் சேர்த்து சர்ட்டிஃபிகேட் போட்டேன். அதன் ரூட் சர்ட்டிஃபிகேட்டை (மற்றவற்றை நம்பவைக்கும் மூல சர்ட்டிஃபிகேட்) போனில் போட்டதும் ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொண்டது. ஐபோனில் ப்ரொஃபைல் இன்ஸ்டால் ஆகி, 'வெரிஃபைட்' என்று பச்சையில் காட்டியும் அதே எச்சரிக்கை. கடைசியில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய், அடிமட்டத்தில் சர்ட்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸில் ஒரு ஸ்விட்ச். அதைத் தள்ளிவிட்டு ரீலோட் செய்ததும் 'கேமராவை அனுமதிக்கவா?' என்று வந்தது பாருங்கள், அந்த நிம்மதி இன்னும் மறக்கவில்லை.

பழையசர்வர்:
எனக்கு .டெவ். லோக்கல் ப்ராஜெக்ட் எல்லாம் அந்தப் பெயரில்தான். 2017 டிசம்பரில் குரோம் 63 வந்ததும் எல்லாமே தானாக எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவின. எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திற என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) என்பதால் 'பரவாயில்லை, தொடர்' என்ற இணைப்பே இல்லை. அன்றே .டெஸ்ட்டுக்கு மாறினேன். அது சோதனைக்கென்றே ஒதுக்கிய பெயர், யாரும் பறிக்க முடியாது.

சாவிக்கொத்து:
.டெஸ்ட்டுக்கு எந்தப் பெயர் எந்த ஐபிக்கு என்று மெஷினில் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தொட வேண்டும். ஆப்.லோக்கல்ஹோஸ்ட் என்று வைத்தால் குரோம் தானே லூப்பேக்குக்கு, அதாவது அதே மெஷினுக்கு, அனுப்பிவிடும், அந்த வேலையும் மிச்சம்.

எங்கள் டீமில் ஒருவர் ரூட் சிஏவின் கீ ஃபைலை (சர்ட்டிஃபிகேட்களில் கையெழுத்திடும் ரகசியச் சாவி) எல்லோரும் பகிரும் கிட் கோட் களஞ்சியத்தில் கமிட் செய்து, எல்லோரும் அதையே இன்ஸ்டால் செய்திருந்தார்கள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும், அந்த ரூட்டை நம்பும் எந்த மெஷினிலும் செல்லுபடியாகும்படி, வங்கி தளம் உட்பட எதன் பெயரிலும் சர்ட்டிஃபிகேட் உருவாக்கலாம். தயவுசெய்து அவரவர் மெஷினில் அவரவர் ரூட். முகப்புநிரலர், வேலை முடிந்ததும் போனிலிருந்து ரூட்டை எடுத்துவிடுங்கள். இன்னொன்று: நோட்.ஜேஎஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் நம்பிக்கைப் பட்டியலைப் பார்ப்பதில்லை. நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ் என்ற வேரியபிளில் ரூட்டின் பாதையைக் கொடுங்கள். எரர் போகிறதே என்று சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள். அந்த வரி ஒருநாள் ப்ரொடக்‌ஷனுக்கும் போய்ச் சேரும்.

முகப்புநிரலர்:
கீ என் லேப்டாப்பை விட்டு நகரவே இல்லை, போனுக்குப் போனது ரூட் சர்ட்டிஃபிகேட் மட்டும்தான். தினமும் போனில் சோதிக்கிறவன் வாரா வாரம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

வெப்வியூ:
ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொண்டது என்றால் குரோமில்தான். அதே பக்கத்தை நம் ஆப்புக்குள் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. ஆண்ட்ராய்டு 7 முதல் நாம் போடும் ரூட்டை ஆப்கள் நம்புவதில்லை. டீபக் பில்டின் (சோதனைக்கான ஆப் பதிப்பு) நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிகில், அதாவது ஆப் எதை நம்பலாம் என்று சொல்லும் ஃபைலில், யூசர் சர்ட்டிஃபிகேட்டைச் சேர்த்த பிறகுதான் பக்கம் வந்தது.