மலையக நூலகங்களில் த்ரில்லர் கேட்டு வருபவர்கள்: பார்த்ததைப் பகிருங்கள்

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

'தி ஹவுஸ்மெய்ட்' வந்த நாளிலிருந்து ராக்கையில் நிற்பதே இல்லை. மில்லி என்ற பெண் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்கிற ஆங்கில த்ரில்லர் அது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண தரம் எழுதிவிட்டு இருக்கிற ஒரு பிள்ளை எடுத்துப்போய், ராத்திரியில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்திருக்கிறது. மில்லி வேலைக்குச் சேர்ந்த வீட்டில் மேல்மாடத்து அறையைக் காட்டுகிறார்களே, ஜன்னல் திறக்காது, பூட்டு கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கும், அந்த இடத்தோடு அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். மூத்த மகள் கொழும்பில் வீட்டு வேலைக்கு நிற்கிறாள். "அக்காவுக்குப் போன் போடு. அவ படுக்கிற காம்பராவுக்குப் பூட்டு எந்தப் பக்கம்னு கேளு" என்றாராம். பாதியில் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கடைசில அந்தப் பொண்ணு வெளிய வந்துருமா? அது தெரிஞ்சாத்தான் அம்மா மிச்சத்தைக் கேப்பாங்க."

முடிவைச் சொல்லலாமா கூடாதா? இந்த மாதிரி வாசகருக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஆங்கில டீச்சர் (பண்டாரவளை)

சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு அது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. எப்படி, யாரால் என்பதை விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கதையின் பெரிய திருப்பம் வேறு இடத்தில் இருக்கிறது, அது அப்படியே பத்திரமாக இருக்கும்.

எனக்கு மனதில் நிற்பது 'தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்'. பதுளை ரயிலில் தினமும் போய்வருகிற ஒரு பெண், தலைப்பைப் பார்த்தே ஆசையாக எடுத்தார். அடுத்த கிழமை வந்து, "காணாமப் போன பொம்பள எப்படி மிஸ் மறுபடி வீட்டுல இருந்து பேசுறா? இது பேய்க் கதையா?" என்று கேட்டார். அத்தியாயத் தலைப்பில் இருக்கும் திகதியை அவர் வாசிக்கவே இல்லை. ரேச்சல் என்பவளின் பகுதி 2013 ஜூலையில் ஆரம்பிக்கிறது, காணாமல் போகும் மேகனின் பகுதி 2012 மே மாதத்தில். இடையில் அன்னா என்று மூன்றாவது பெண்ணும் பேசத் தொடங்குகிறாள். ஒவ்வொரு பகுதியும் காலை, மாலை என்று வேறு பிரியும். திகதியைத் தாண்டிவிட்டால் ஒரு வருட இடைவெளி காணாமல் போகும், கதை குழம்பிப் போகும்.

இதில் வாசகரைக் குறை சொல்ல முடியாது. பாடசாலையில் தலைப்பை விட்டுவிட்டுப் பந்தியை வாசிக்கத்தான் நாங்களே பழக்குகிறோம். செய்ய வேண்டியது சிறிய வேலை: தடித்த மட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டுங்கள். யார் பேசுகிறார்கள், எந்த வருடத்தில் என்று மூன்றே வரி எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். பக்க அடையாளமாகவும் பயன்படும். 'தி சைலண்ட் பேஷன்ட்' நாவலுக்கும் இதே பட்டி வேண்டும். அதில் கணவனைச் சுட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் அலிசியாவின் நாட்குறிப்பும், உளச்சிகிச்சையாளர் தியோ சொல்வதும் மாறி மாறி வரும். பட்டியில் "இது நாட்குறிப்பு, இது தியோ" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. அந்தப் புத்தகத்தின் உயிரே காலக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆங்கிலம் பழகுகிறவருக்கு முதல் த்ரில்லராக இந்த இரண்டையும் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே ஆள் நேராகச் சொல்லிக்கொண்டு போகிற கதையில் ஆரம்பிக்கட்டும். அதற்கு 'ஹவுஸ்மெய்ட்' நல்லது: சிறு வாக்கியம், சிறு அத்தியாயம், பெரும்பகுதி மில்லியின் குரல் மட்டும்.

ராமபாணம் (நானுஓயா)

முடிவைச் சொல்வது பற்றிப் பேசுகிறீர்கள். ஒரு பிரதியில் அதை யாரோ எழுதியே வைத்துவிட்டார்கள். கொலையாளி முதன்முதலாக வரும் பக்கத்தில் பெயரைச் சுற்றி பேனாவால் வட்டம், ஓரத்தில் "இவன்தான்". அடுத்து எடுத்தவர் உயர்தரப் பிள்ளை. கவுண்டரில் நின்றபடியே பக்கத்தைத் திறந்து காட்டினான், கண் கலங்கியிருந்தது. மூன்று வாரம் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்து எடுத்த புத்தகம்.

பென்சில் என்றால் வழி உண்டு. வெள்ளை மென் அழிறப்பரை எடுத்து, தாளை இடது கையால் விரித்துப் பிடித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் அழுத்தாமல் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் சுருண்டு கிழியும். பேனா மை அழியாது. பிளேடால் சுரண்டினால் ஓட்டைதான் மிஞ்சும். ஓரத்தில் எழுதியதைப் புத்தகத் தாளின் நிறத்துக்கு ஒத்த துண்டு ஒட்டி மறைக்கலாம். வரிக்குள் போட்ட வட்டத்துக்கு அது சரிவராது. அப்போது மற்ற முக்கியப் பாத்திரங்கள் முதலில் வரும் இடங்களிலும் அதே மாதிரி வட்டம் போட்டு "இவன்தான்" என்று எழுதிவிட்டால், அந்தத் தகவல் செத்துப்போகும். அந்தப் பிரதிக்கு அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் பற்றி முறைப்பாடு வரவில்லை.

கண்டி வாசகன்

அண்ணே, மன்னிக்கணும், நூலகப் புத்தகத்தில் நூலகமே எழுதுவதை ஏற்க முடியாது. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவார், நாளைக்கு ஓரம் முழுக்கக் கையெழுத்தாக இருக்கும். வேறு பிரதி கிடைக்கும் வரைக்கும் "இந்தப் பிரதியில் முடிவு எழுதப்பட்டுள்ளது" என்று திகதித் தாளில் குறித்துவிட்டுக் கொடுங்கள். முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை என்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

டீச்சரோடும் ஒரு சண்டை இருக்கிறது. எது சுலபம் என்று பார்ப்பதற்கு முன்னால், வாசகர் எதைத் தேடுகிறார் என்று பார்க்க வேண்டும். 'செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேய்தா' 2022இல் புக்கர் பரிசு வாங்கியதும் எங்கள் பக்கம் எல்லாரும் த்ரில்லர் என்றே கேட்டார்கள். செத்துப்போன புகைப்படக்காரன், தன்னை யார் கொன்றது என்று ஏழு நிலவுக்குள், அதாவது ஏழு இரவுக்குள், கண்டுபிடிக்க வேண்டும். இப்படிச் சொன்னால் த்ரில்லர் மாதிரித்தான் கேட்கும். உள்ளே போனால் 1990இன் கொழும்பு, ஆவிகள், அரசியல், முழுக்க "நீ" என்று முன்னிலையில் எழுதின நடை. ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருத்தர் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, கொலைய விட்டுட்டு ஊரையெல்லாம் சுத்திக் காட்டுறாங்க" என்றார். அருமையான நாவல்தான், அவர் கேட்டது அது இல்லை.

அவருக்குக் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' பிடித்துப்போனது. அதில் முன்னாள் கணவன் கொலையாவது ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் நடந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்கிற விதமும், பௌதிகவியலாளர் ஒருவர் அதை அவிழ்க்கப் பார்ப்பதும்தான் கதை. அதனால் வாசகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யார் செய்தது என்று தெரிய வேண்டுமா, எப்படிச் செய்தார்கள் என்றா, இல்லை, அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பா? ஹிகாஷினோ இரண்டாவது ரகம், 'ஹவுஸ்மெய்ட்' மூன்றாவது.

நம் நாட்டுக் கதை வேண்டும் என்பவருக்கு அமாண்டா ஜயதிஸ்ஸ. 'மை ஸ்வீட் கேர்ள்' 2021, 'யூ ஆர் இன்வைட்டட்' 2022. முதலாவது சான் பிரான்சிஸ்கோவுக்கும் இலங்கையில் ஓர் அநாதை இல்லத்துக்கும் இடையில் போய்வரும். இரண்டாவது ஒரு பெரிய கல்யாண வீடு. ஊர்ச் சாப்பாடும் ஊர்ப் பேச்சும் தெரிந்ததாக இருப்பதால், ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கினாலும் ஆட்கள் விடாமல் வாசிக்கிறார்கள்.

பழைய புத்தகம் (பதுளை)

எல்லாரும் இங்கிலீஷ் புத்தகத்தப் பத்தியே பேசுறீங்க. லயத்திலருந்து வர்ற வாசகர்ல பாதிப்பேர் கேக்குறது தமிழ்ல. ராஜேஷ்குமார் 1500க்கு மேல எழுதிட்டார், இன்னும் புதுசு இருக்கான்னு கேக்குறாங்க. அவரோட துப்பறியும் ஜோடி விவேக் ரூபலா இருந்தா ஒரு கூட்டம், பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத் சுசீலா இருந்தா இன்னொரு கூட்டம்.

தேயிலை ஸ்டோர்ல வேலை பார்த்து ஓய்வான ஒரு பெரியவர் பாக்கெட் நாவல் ஒண்ண எடுத்தார். எடுத்த உடனே பின்னட்டையத் தூக்கி, கடைசித் தாள விரலால தடவிப் பார்த்தார். "ஐயா, இது தொங்குது. நான் வாசிச்சு முடிக்கயில இது இருக்காது" அப்டீன்னு திருப்பி வச்சிட்டார். அந்த ஆள் சொன்னதுதான் சரி. முதல்ல போறது கடைசித் தாள்தான்.

ஏன்னா, இந்தப் புத்தகங்களுக்கு முதுகுல ரெண்டு இரும்புக் கம்பிதான். நம்ம மலையில மழையும் பனியும் மாறி மாறி வர, கம்பி துருப்பிடிச்சு ஊதி, சுத்தியிருக்கிற தாள அரிச்சுரும். அதனால புதுசா வந்த அன்னைக்கே கம்பியக் கழட்டிருங்க. கம்பிக் கால் மடிஞ்சிருக்கிற பக்கத்துல மழுங்கின கத்தி முனைய உள்ள விட்டு ரெண்டு காலையும் நிமித்தி, மத்தப் பக்கத்திலருந்து மெல்ல இழுக்கணும். முன்னட்டைய நெம்புனா கிழிஞ்சுரும். பிறகு தாள்களத் தட்டி நேராக்கி, முதுகிலருந்து 5 மில்லிமீற்றர் உள்ள மூணு ஓட்டை. அதுக்கு மேல உள்ள போகாதீங்க, ஓரம் ரொம்பக் குறைவு, எழுத்துத் தையலுக்குள்ள போயிரும். மெழுகு தடவின பருத்தி நூல நடு ஓட்டையில விட்டு, மேல, கீழ போய்த் திரும்ப நடுவுக்கு வந்து முடிச்சுப் போடுங்க. முதுகுல பைண்டர் கம் மெல்லிசா ஒரு பூச்சு, அது மேல பிரவுண் பேப்பர். ஒரு ராத்திரி பாரம் வைக்கணும், மழைக்காலம்னா ரெண்டு ராத்திரி.

கோதுமை மாப் பசை வேண்டவே வேண்டாம். வெள்ளிமீன் பூச்சிக்கு அது விருந்து. செலோடேப்பும் ஒட்டாதீங்க. கொஞ்ச நாள்ல மஞ்சளாகி, பசை தாளுக்குள்ள ஊறி, பக்கத்துப் பக்கத்தோட ஒட்டிக்கும். ராக்கைய சுவரோட ஒட்டிப் போடாம நாலு விரல் தள்ளிப் போடுங்க. காத்து போனாத்தான் பூஞ்சணம் பிடிக்காது.

அஞ்சாறு நாவலச் சேர்த்து ஒரே கட்டா பைண்ட் பண்றதும் பிழை. ஒருத்தர் எடுத்தா அஞ்சு கதை அவர் வீட்டுல மாட்டிக்கும்.

ஆங்கில டீச்சர் (பண்டாரவளை)

ஒரு கட்டில் இரண்டு நாவல் சரிவரும், சேர். 64 பக்கம், 96 பக்கம் என்று மெல்லியதாக வருபவற்றைத் தனித்தனியாக வைத்தால் முதுகில் பெயர் எழுத இடமிருக்காது, ராக்கையில் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவில் புகுந்து காணாமல் போகும்.

ராமபாணம் (நானுஓயா)

கண்டித் தம்பி சொன்ன திகதித் தாள் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், வட்டம் போடுவது சரியென்று இன்னும் நினைத்தாலும். அதே தாளில் கடைசிப் பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள். புத்தகம் திரும்பி வரும்போது அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடிதான் ஆகும். புதிதாக வாங்கியதும் 16 பக்கத்துக்கு ஒரு முறை பக்க எண்ணைப் புரட்டிப் பாருங்கள். அச்சகத்தில் ஒரு மடிப்பு (சேர்த்து மடித்த தாள்) விடுபட்டால் 16 அல்லது 32 பக்கம் சேர்ந்தே போய்விடும், சில சமயம் ஒரே மடிப்பு இரண்டு தடவை வரும். முத்திரை குத்துவதற்கு முன்னால் கண்டுபிடித்தால்தான் கடையில் மாற்றித் தருவார்கள்.

தொடராக வரும் நாவல்களுக்கு முதுகில் எண் ஒட்டுவதும் முக்கியம். 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020, 'தி மேன் ஹூ டைட் ட்வைஸ்' 2021, 'தி புல்லட் தட் மிஸ்ட்' 2022, 'தி லாஸ்ட் டெவில் டு டை' 2023. முதியோர் குடியிருப்பில் நான்கு பேர் துப்பறிகிற கதை. ஒவ்வொரு கொலையும் அந்தந்தப் புத்தகத்தோடு முடிந்தாலும், அந்த நான்கு பேரின் வாழ்க்கை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடரும். எழுத்தாளர் பெயரில் அடுக்கிவிட்டு, அதற்குள் ஆங்கிலத் தலைப்பு வரிசையில் வைத்தால் மூன்றாவது முதலில் நிற்கும், ஆட்கள் அதைத்தான் எடுப்பார்கள். 'ஹவுஸ்மெய்ட்' தொடருக்கும் அப்படியே: 'தி ஹவுஸ்மெய்ட்' 2022, 'தி ஹவுஸ்மெய்ட்ஸ் சீக்ரெட்' 2023, 'தி ஹவுஸ்மெய்ட் இஸ் வாட்சிங்' 2024. காசு குறைவென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வாங்காமல், முதலாவதில் இரண்டு வாங்குங்கள். வரிசையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் முதலில் வேண்டியது அதுதான்.