இணையவழி மனநல ஆய்வுக்குப் பயிற்சி: மாநாட்டுக்குப் போவதா, பட்டறைக்குப் போவதா?

கேள்வி: சிப்புட் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் முதுகலை மாணவி. செம்பனைத் தோட்டங்களில் இன்னும் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கும், தோட்டம் கைமாறிய பிறகு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த பெண்களுக்கும், கைப்பேசி வழியாக மனச்சோர்வைக் கண்டறிந்து எட்டு வாரம் துணைநிற்கும் திட்டம் ஒன்றை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். பயணத்துக்கும் பயிற்சிக்குமாக இவ்வாண்டு எனக்கு 3,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை எதற்குச் செலவிடுவது என்பதே என் கேள்வி.

இணையவழிச் சிகிச்சை ஆய்வுக்கென்றே 2004-இல் தொடங்கிய ஐஎஸ்ஆர்ஐஐ என்ற அனைத்துலகச் சங்கத்தின் மாநாட்டைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். அது 2019-இல் ஆக்லாந்திலும், 2022-இல் பிட்ஸ்பர்க்கிலும், 2024-இல் அயர்லாந்தின் லிமரிக்கிலும் கூடியது. கையில் இருக்கும் பணம் அந்த ஊர்களுக்கு விமானச் சீட்டு எடுக்கவே போதாது. உள்நாட்டில் மனநல மருத்துவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் மாநாடு இருக்கிறது. மருத்துவ ஆய்வை நெறிப்படி நடத்தக் கற்றுக்கொடுக்கும் மூன்று நாள் ஜிசிபி பட்டறையும் இருக்கிறது.

இந்தக் குழப்பம் எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கோயில் மண்டபத்தில் வைத்து, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாப்பட்டியலின் தமிழ் வடிவத்தை முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரிடம் சோதித்துப் பார்த்தேன். அவருக்கு 61 வயது. கைப்பேசி அவருடைய பேரனுடையது. முதல் கேள்வியைப் பார்த்ததுமே, "எழுத்து பொடிசா இருக்குடா, நீயே படிச்சிச் சொல்லு" என்று அதைப் பையனிடம் நீட்டிவிட்டார். பதினொரு வயதுப் பையன் தமிழ்ப்பள்ளியில் வாசிப்புப் போட்டிக்கு நிற்பதுபோலக் கணீரென்று படித்துக்கொண்டே போனான். இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததுண்டா என்று கேட்கும் ஒன்பதாவது கேள்வியின் பாதியில் அவன் குரல் நின்றுவிட்டது. கைப்பேசியை நான் வாங்கிக்கொண்டேன். பாட்டி பதில் சொல்லவில்லை, பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த மாநாட்டில், எந்தப் பட்டறையில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

பதில் 1: ஈப்போ உளவியலாளர்

தங்கைக்கு வணக்கம். மாநாடு என்பது முடிந்த வேலையைக் காட்டும் இடம். உங்கள் வேலை இன்னும் மண்டபத்தில்தான் நிற்கிறது. ஆகவே இப்போதைக்கு மாநாட்டை ஒதுக்கிவைக்கலாம் என்பது என் கருத்து.

அதற்காக மாநாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இத்துறையில் தோல்வியை வெளிப்படையாகப் பேசும் வழக்கம் உண்டு. அதைக் கேட்கவாவது ஒருமுறை போக வேண்டும். மனச்சோர்வுக்கென்று ஆஸ்திரேலியாவில் உருவான மூட்ஜிம் என்ற பயிற்சி இணையதளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வில் சேர்க்கப்பட்ட 182 பேரில் 41 பேர் ஐந்து பாடங்களையும் முடித்தார்கள். தாமாக வந்து நுழைந்த 19,607 பேரில் அவ்வாறு முடித்தவர்கள் வெறும் 97 பேர். இந்தக் கணக்கையெல்லாம் முன்வைத்து, பாதியில் விட்டுப்போவது இணையவழிச் சிகிச்சையின் இயல்பு என்றும், அதை மறைக்காமல் ஆராய வேண்டும் என்றும் ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005-இல் எழுதினார். உங்கள் எட்டு வாரத் திட்டத்தில் மூன்றாம் வாரம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதை இப்போதே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ஜிசிபி பட்டறைக்குப் போய்விடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஆள் சேர்ப்பதாக இருந்தால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதலும் பெற்றாக வேண்டும்; அந்த நடைமுறையெல்லாம் அங்கே விளங்கும். ஆனால் அது மருந்துச் சோதனைகளை மனத்தில் வைத்து அமைந்த பயிற்சி. பேரன் கையில் இருக்கும் கைப்பேசியைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். நான் போனபோது தேர்வுக்கு முதல்நாள் இரவு விழுந்து விழுந்து படித்ததுதான் நினைவில் நிற்கிறது.

ஒன்பதாவது கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கமாகிவிட்டது. மொத்தம் 6 வந்து, ஒன்பதாவதில் மட்டும் 1 என்று ஒருவர் அழுத்தியிருந்தால், அவரைக் கூட்டுத்தொகை மறைத்துவிடும். ஆகவே அந்த ஒரு விடையைத் தனியாகப் பிரித்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு அது அழுத்தப்பட்டால் யாருடைய கைப்பேசி ஒலிக்கும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், மறுநாள் காலை எந்தக் கிளினிக்கில் யாரிடம் அழைத்துப் போவது என்பதையெல்லாம் ஆள் சேர்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-ஐத் திரையில் போடுவது நல்லதுதான். ஆனால் போடுவதற்கு முன் நீங்களே அழைத்து, தமிழில் பேச ஆள் கிடைக்கிறாரா என்று பாருங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாயை மூடிப் பழகியவர்கள் திரையைக் கண்டதும் மனம் திறந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பதில் 2: நிரலாளன்

ஈப்போ அக்கா சொல்வதில் பெரும்பகுதி சரி. மாநாட்டை ஒதுக்கச் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லை. தனியாக ஆய்வு செய்பவருக்குத் தன்னைப் போலவே தடுமாறும் நான்கு பேரின் அறிமுகம் வேண்டும். இணையவழி அமர்வு இருந்தால் அதில் சேருங்கள். பிட்ஸ்பர்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஒன்பது, சமையலை முடித்துவிட்டு உட்காரலாம்.

கைப்பேசி ஒரு வீட்டுக்கே பொது என்றால் செயலியைக் கட்டும் விதமே மாற வேண்டும். அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் தெரியக் கூடாது. செயலியின் பெயரிலும் படத்திலும் "மனம்" என்ற சொல்லே வேண்டாம். விடைகள் கைப்பேசியில் தங்கக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பற்றிய தகவலைத் தனிக் கவனத்துக்குரிய தரவாக வகைப்படுத்தியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும் மருமகள் பார்த்துவிடுவாள் என்ற பயம் அந்தப் பெண்களுக்கு இருக்கும்.

பதில் 3: ஓய்வுபெற்ற டிரெசர்

மகளே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். ஆய்வு எனக்குத் தெரியாது. அந்தப் பெண்களைத் தெரியும்.

"மனச்சோர்வு" என்பது பத்திரிகைச் சொல். என்னிடம் வந்தவர்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. "மனசு பாரமா இருக்கு", "நெஞ்ச அடைக்குது", "கையி காலு ஓடல" என்பார்கள். பாதிப் பேர் தலைவலி மாத்திரைதான் கேட்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1911 முதல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கள் பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பதை நாங்கள் பிள்ளைகளிடம் விளையாட்டாகவே சொல்லியிருக்கிறோம். மனநலம் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு மண்டபம் நிறையவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

எங்கோ போய்க் கற்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போகலாமே. அங்கே டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010 முதல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்தையே அனுப்பி வைத்தியம் பார்த்தது. பேருந்துக்குள் இருந்தபடி திரை வழியாகச் சென்னை மருத்துவரிடம் பேசலாம், மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பேச்சும் தமிழ், ஆட்களும் நம்மைப் போன்ற கிராமத்து மக்கள். நீங்கள் கேட்க நினைப்பதை அவர்கள் செய்தே பார்த்திருப்பார்கள்.

போவதற்கு முன் இங்கேயே ஒரு கூட்டம் போடுங்கள். கிளினிக் மிஸ்ஸி (தாதி), தமிழ்ப்பள்ளி ஆசிரியை, முன்பு தோட்டத்து ஆயா கொட்டகையில் (குழந்தைக் காப்பகத்தில்) பிள்ளை பார்த்த இரண்டு அம்மாமார், இவ்வளவு பேர் போதும். அந்த ஒன்பது கேள்விகளையும் அவர்களிடம் படித்துக் காட்டி, அவரவர் எப்படிக் கேட்பார்கள் என்று கேளுங்கள்.

மறுமொழி: சிப்புட் மாணவி

மூவருக்கும் நன்றி. ஜிசிபி பட்டறைக்குப் பதிந்துகொள்கிறேன். சென்னைப் பயணத்துக்கு நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். மாநாடு என்று பெயர் இல்லாத பயணத்துக்குப் பணம் விடுவிப்பார்களா என்பது தனிப் போராட்டம். ஐஎஸ்ஆர்ஐஐ அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

டிரெசர் ஐயா சொன்ன கூட்டத்துக்கு வரும் ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு மண்டபத்தைத் தருவதாகக் கோயில் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தப் பாட்டியையும் தனியாகப் பார்த்துப் பேசினேன். என்னோடு கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார், போய் வந்தோம். திரும்பும் வழியில், "பேரன் படிக்க வேண்டாம்னா வேற யாரு படிப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்தை விட்டுவிட்டுக் குரலாகவே தரலாம், ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம், காதுக்கருவியில் கேட்டு அவரே அழுத்திக்கொள்ளட்டும் என்று எண்ணுகிறேன். கூட்டத்தில் கேள்விகளின் சொற்கள் முடிவானால் நெறியாளரிடம் காட்டிவிட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அதற்குச் செய்தி வாசிப்பவர் குரல் ஒத்துவராது. ஐம்பது வயதைத் தாண்டிய, தோட்டத்துப் பேச்சு மாறாத பெண்குரல் தேவை. தெரிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். ஈப்போவுக்கு அப்பால் என்றாலும் நானே வந்து பதிவு செய்துகொள்கிறேன்.