கதை படித்து வாழ்க்கையில் ஏதாவது விளங்கியிருக்கிறதா?

எலெக்ட்ரானிக் சிட்டி வாசி:
செய்தி, வரலாறு, கட்டுரை எல்லாம் படிப்பேன். நாவல் மட்டும் ஓடுவதில்லை. நடக்காத ஒன்றைப் படித்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று தோன்றிவிடும். ஒரு கதையால் தன் வாழ்க்கையில் ஏதோ விளங்கியது என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

ஹொரமாவு வாசகி:
இருக்கிறேன் தம்பி. 2024 மார்ச். எங்கள் அபார்ட்மென்டில் போர்வெல் வற்றிவிட்டது, காவேரி இணைப்பும் கிடையாது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்த சமயம். டேங்கர் என்ன விலை, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த வாரம்தான் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் கையில் கிடைத்தது. பழைய சென்னைத் தெரு ஒன்று. ஜமுனாவும் டீச்சரம்மாவும் தண்ணீருக்காகப் படும் பாடு. படிக்கப் படிக்க என் சமையலறைதான் கண்முன் வந்தது. அன்று காலை, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு குடம் கேட்டிருந்தார். “எங்களுக்கே இல்லைக்கா” என்றேன். டிரம் விளிம்புவரை நிறைந்திருந்தது, மேலே தாம்பாளத்தைப் போட்டு மூடியிருந்தேன். அவர் அந்தத் தாம்பாளத்தை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்தார்.

செய்தி படித்தபோதெல்லாம் நான் தண்ணீரில்லாமல் தவிக்கிறவள். அந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் தண்ணீரை மூடிவைத்தவள் என்பது உறைத்தது. புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அல்சூர்காரர்:
சிறுவயதில் மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம். அடிபம்பின் கிரீச் சத்தம்தான் எனக்கு நினைவில் மிஞ்சியிருந்தது. அதே நாவலைப் படித்த பிறகு அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஐம்பது வருஷமாக மறந்திருக்கிறேன், என்ன பிள்ளை நான்!

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கதையாலும் இது ஆகாது. அழவைப்பதற்கென்றே எழுதியவை என்னிடம் ஒட்டுவதில்லை. டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் வாழ்க்கையைச் சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள், தம்பி. அவ்வளவு கஷ்டத்தையும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போவார். அதனால்தான் நம்ப முடிகிறது.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசி:
சரி, வாங்கிவிடுகிறேன் சார். அக்கா, அப்புறம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா?

ஹொரமாவு வாசகி:
மறுநாள் இரண்டு குடம் நிரப்பி வைத்தேன், எடுத்துக்கொண்டு போனார். இன்னும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார். அந்தத் தாம்பாளத்தைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை.