உங்களைக் கேட்காமல் உங்கள் முகத்தைப் பயன்படுத்தினார்களா?

தேக்காவாசி:
தீபாவளிக்கு முந்திய வாரம், சிங்கப்பூர் தேக்கா சந்தை. அம்மாவுக்கு 74 வயது. வஞ்சிரத்துக்கு விலை குறைக்கவில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஜொகூரிலிருந்து சித்தி அழைத்தார். "அக்காவை நீ கவனிப்பதில்லையா?" முதியோர் தனிமை பற்றி யாரோ எடுத்த காணொளியில் அம்மாவின் முகம் நான்கு விநாடி. கீழே மஞ்சள் எழுத்தில் 'பிள்ளைகள் கைவிட்ட தாய்'. சோகப் புல்லாங்குழல் வேறு. அம்மா என் கைபேசியில் மூன்று முறை பார்த்துவிட்டு, "நான் மீனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். தயாரிப்பாளருக்கு எழுதினேன். "பொது இடம்தானே" என்று ஒரே வரியில் பதில்.

பரோட்டாக்கல்:
உங்களிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்கள், அதனால் மட்டும் என்ன? கல்லில் பரோட்டா கருகிக்கொண்டிருக்க, மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டேன். பேட்டி முடிந்து, சட்டையில் மாட்டிய ஒலிவாங்கியைக் கழற்றுமுன் தம்பியோடு உள்ள பங்குத் தகராறைப் புலம்பியதும் ஒளிபரப்பாகிவிட்டது. தம்பி இன்னும் பேசுவதில்லை.

பாதி வக்கீல்:
தேக்காவாசி, தயாரிப்பாளர் சொன்ன பதில் பாதி சரி, அதுதான் எரிச்சல். நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் வந்தது. பொது இடத்தில் இயல்பாகக் கண்ணில் படுவதைப் படமெடுக்க அதன்படி ஒப்புதல் தேவையில்லை. செய்தி நிறுவனங்களுக்குத் தனி விலக்கும் உண்டு. ஆனால் படம் எடுப்பது வேறு, அதன் கீழே பொய் எழுதுவது வேறு. 'கைவிட்டார்கள்' என்பது உங்கள் அம்மாவைப் பற்றியதல்ல, உங்களைப் பற்றியது. சித்தி உங்களை அடையாளம் கண்டுகொண்டாரே, அவதூறு வழக்கில் அதுதான் முக்கியம். ஆறு ஆண்டுக்குள் தொடுக்கலாம். அவ்வளவு செலவு வேண்டாமென்றால், துன்புறுத்தலுக்கு எதிரான 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொய்த் தகவலை நீக்கவோ திருத்தம் வெளியிடவோ ஆணை கேட்கலாம். 2021 முதல் அதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. காணொளியை இன்றே தேதியோடு சேமித்துவையுங்கள், நாளை எழுத்தை மட்டும் அழித்துவிட்டு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பார்கள். பரோட்டாக்கல் அண்ணே, கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். ஆனால் ஒளிபரப்பானதை யாரும் திரும்ப அள்ள முடியாது. என் கதையா? கல்யாண வீட்டில் நான் வாய் நிறையச் சாப்பிடும் படம் சமையல்காரரின் விளம்பரத்தில் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

பரோட்டாக்கல்:
தம்பி, நான் வக்கீல் கேட்கவில்லை.

வெட்டி ஒட்டியவன்:
அந்த மஞ்சள் எழுத்தை எழுதும் வேலையை ஏழு வருடம் செய்தேன். உங்கள் படத்தில் அல்ல. குரலுக்குக் கீழே ஓட நான்கு முகம் வேண்டும். 'சந்தை' என்ற கோப்பைத் திறந்து, சிரிக்காத முகமாகப் பொறுக்குவோம். அவர் யார், எதற்கு அங்கே நின்றார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் பயந்தது சிறார் விஷயத்தில் மட்டும். நீதிமன்ற வழக்கில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டினால் குற்றம். ஒருமுறை பையனின் முகத்தை மறைத்துவிட்டு, சட்டையிலிருந்த பள்ளிச் சின்னத்தை விட்டுவிட்டேன். ஒளிபரப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு தேநீர் வாங்கி வந்தவர் பார்த்துச் சொன்னார். இப்போதும் பள்ளிச் சீருடையைக் கண்டால் முதலில் சின்னத்தைத்தான் தேடுகிறேன்.

தேக்காவாசி:
சேமித்துவிட்டேன். அம்மாவிடம் ஆணை, வழக்கு எல்லாம் விளக்கினேன். "அந்த மீன்காரர் இதைப் பார்த்திருப்பாரா?" என்று மட்டும் கேட்டார். நேற்று வேறு கடையில் வாங்கினார், முகமூடி போட்டுக்கொண்டு.