முன்பணத்தைச் செலவாகக் காட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

புதுக்கணக்கர் கேட்கிறார்:

எட்டு ஆண்டுகள் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதியவள் நான். ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு வேளாண் மேம்பாட்டு அமைப்பில் நிதி அலுவலராகச் சேர்ந்தேன். மூன்றாண்டுத் திட்டம். உழவர்களுக்குப் பயிற்சி, விதை வழங்கல், மாதிரி வயல்கள் எல்லாம் உண்டு. பணம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியம், கொஞ்சம் ஒரு தனியார் அறக்கட்டளையுடையது, இன்னும் கொஞ்சம் அமெரிக்க அரசு நிதியிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வழியாக வரும் துணை மானியம்.

ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிட்டது. பட்ஜெட்டோ முதலாண்டில் இரண்டு பருவங்கள் என்று எண்ணிப் போடப்பட்டது. எனவே பதினொரு மாதம் ஆகியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் தவணையான 4,00,000 யூரோவில் 2,12,000தான் செலவாகியிருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் ஆண்டறிக்கை கொடுத்து இரண்டாம் தவணையைக் கேட்க வேண்டும். முதல் தவணையில் 70 விழுக்காடு செலவாகியிருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தம்.

களப்பணியாளர்கள் 14 பேரிடம், செலவுக்கென்று வாங்கி இன்னும் கணக்குக் காட்டாத, அதாவது தீர்க்கப்படாத முன்பணமாக 71,000 யூரோ அளவு நிற்கிறது. திட்டத் தலைவர் நேற்று என் மேசைக்கு வந்து, "அதைச் செலவில் சேர்த்துவிடுங்கள், 70 தாண்டிவிடும்" என்றார். கூட்டிப் பார்த்தேன். 70.75 விழுக்காடு. அவர் எனக்கு முன்பே கூட்டிப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மனத்துக்குள் மறுத்தேன், வாயால் மறுக்கவில்லை.

இன்னும் இரண்டு. பயிற்சிகளின் வருகைத்தாள்களை அடுக்கும்போது ஒரு தாளில் 31 கையெழுத்துகளும் ஒரே கையால் போட்டவை போல் இருக்கின்றன. சம்பளங்களை மூன்று நிதிகளுக்கும் 60, 25, 15 என்று பட்ஜெட்டில் உள்ள விகிதப்படியே மாதாமாதம் பிரித்து எழுதி வருகிறார்கள். எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் செய்தாராம். இது சரியா?

பழைய பேரேடு பதில்:

முதலில் முன்பணம். சேர்க்காதீர்கள். களப்பணியாளர் கையில் இருக்கும் முன்பணம் உங்கள் பணம்தான், வேறொருவர் சட்டைப்பையில் இருக்கிறது, அவ்வளவே. வணிகக் கணக்கில் எட்டு ஆண்டு இருந்தவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் திட்டக் கணக்கில் நுழைந்ததும் பலர் ஏனோ இதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். என் இரண்டாவது திட்டத்தில் இதே ஆலோசனை எனக்கும் வந்தது, அதன்படியே செய்தேன். அடுத்த காலாண்டில் ஒருவர் பாதி முன்பணத்தைச் செலவழிக்காமல் திருப்பிக் கட்டினார், இன்னொருவர் வேலையை விட்டே போய்விட்டார். அறிக்கையில் பட்ஜெட்டின் ஒரு தலைப்பில் கழித்தல் குறியோடு தொகை காட்ட வேண்டியதாயிற்று. அந்த ஒற்றைக் கழித்தல் குறியைப் பார்த்த பிறகு கொடையாளர் எங்கள் ரசீது ஒவ்வொன்றையும் கேட்டார். பேருந்து டிக்கெட் உட்பட.

இப்போது உங்கள் 71,000-க்கு வருவோம். என் அனுபவத்தில் தீர்க்கப்படாத முன்பணம் என்று ஏட்டில் நிற்பதில் பெரும்பகுதி உண்மையிலேயே செலவாகிப்போன பணம். பயிற்சி நடந்திருக்கும், மாதிரி வயலுக்கு உழவு கூலி கொடுத்திருப்பார்கள். ரசீதுகள் மட்டும் யாரோ ஒருவருடைய தோள்பையில் கசங்கிக் கிடக்கும். ஆகவே தலைவரிடம் "முடியாது" என்று சொல்வதற்குப் பதிலாக, "14 பேரையும் இரண்டு வாரத்துக்குள் ரசீதுகளோடு வரச்சொல்லி நீங்கள் ஒரு கடிதம் போடுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கு வேண்டிய எண்ணை நோக்கி நேர்வழியில் ஒரு படி நகர்த்துகிறீர்கள். மறுப்பதைவிட இது எளிது. இனிமேலாவது முன் தொகையைத் தீர்க்காதவருக்கு அடுத்த முன்பணம் கிடையாது என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள்.

70 விழுக்காட்டைப் பார்த்து இவ்வளவு அஞ்சவும் வேண்டாம். ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளில் முன்நிதி, அதாவது செலவுக்கு முன்பே தரும் தவணை, பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். குறைந்தால் தவணையே வராது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. 70-க்கு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையை மட்டும் அடுத்த தவணையில் கழிப்பார்கள். உங்கள் கணக்கில் 70 விழுக்காடு என்பது 2,80,000. நீங்கள் 2,40,000 காட்டினால் 40,000 குறைத்து வரும். மொத்த மானியத்திலிருந்து அது போய்விடாது. ஒரு 40,000-க்காகவா பொய்க்கணக்கு?

உண்மையான சிக்கல் வேறு. உங்கள் பட்ஜெட்டை யாரோ பன்னிரண்டாக வகுத்து மாதத்துக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள். பயிர் அப்படி வளர்வதில்லை. நான் ஒவ்வொரு திட்டத்திலும் சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டிவிடுவேன். மேல்வரியில் வயலில் நடப்பது: உழவு, விதைப்பு, களையெடுப்பு, அறுவடை. கீழ்வரியில் பணம் வெளியே போகும் வாரம். விதைப்புக்கு மூன்று வாரம் முன்னால் விதை சேர வேண்டும். விலைப்புள்ளி கேட்டு, குழு கூடி, ஆணை அனுப்பி, முளைப்புத்திறன் சோதனை முடிந்து விதை வந்துசேர எட்டு முதல் பத்து வாரம் பிடிக்கும். ஆக விதைப்புக்கு மூன்று மாதம் முன்பே கொள்முதல் தொடங்க வேண்டும். ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தானது என்று தெரிந்த அன்றைக்கே அந்தத் தாளைப் பார்த்திருந்தால், "ஒரு பருவம் போய்விட்டது, முதலாண்டுச் செலவு பாதியளவுதான் வரும்" என்று கொடையாளருக்கு எழுதியிருக்கலாம். இப்போது எழுதினாலும் கெட்டுப்போகவில்லை. அறிக்கைக்கு முன் எழுதினால் அது விளக்கம், பின் எழுதினால் சாக்கு.

தலைப்புக்குத் தலைப்பு பணம் மாற்ற வேண்டியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமான மானிய ஒப்பந்தங்களில் ஒரு தலைப்பின் தொகை 25 விழுக்காடு வரை மாறலாம், ஒப்பந்தத் திருத்தம் தேவையில்லை. ஆனால் மறைமுகச் செலவுத் தலைப்பு, அதாவது எந்த ஒரு வேலையோடும் நேராகச் சேராத பொது நிர்வாகச் செலவு, இதில் சேராது. அந்நியச் செலாவணி மாற்றத்தில் வரும் நட்டத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள், அதற்கு உங்கள் அமைப்பின் சொந்த நிதியில் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.

துணை மானியம் செலவு செய்தபின் ஈடுகட்டும் முறையா? அப்படியானால் அதில் ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி சேரவிடாமல் கேட்டுப் பெறுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி திடீரென நிறுத்திவைக்கப்பட்டபோது, கைப்பணத்தைப் போட்டுச் செலவழித்துவிட்டு ஈடு கேட்கக் காத்திருந்த அமைப்புகள் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்தன.

பச்சை மை பதில்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன், தணிக்கையாளன். மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. வருகைத்தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தத் தாளை மாற்றி எழுதச் சொல்லிவிடாதீர்கள். தவறான தாளைவிடத் திருத்தி எழுதிய தாள்தான் எனக்குச் சீக்கிரம் கண்ணில் படும். ஒருமுறை எட்டு மாதம் முந்தைய பயிற்சிகளின் தாள்கள் மடிப்போ கறையோ இல்லாமல், ஒரே நீல மையில், சலவை செய்தவை போல் வந்தன. வயலோரத்தில் 30 பேர் கைமாறிய தாள் அப்படி இருக்காது. புரட்டிப் பார்த்தால், தாளின் தலையில் அச்சாகியிருந்த சின்னம் பயிற்சித் தேதிக்குப் பிறகுதான் அந்த அமைப்பு மாற்றிக்கொண்ட புதுச் சின்னம். பயிற்சி நடந்ததோ இல்லையோ, பிறகு யாரும் எதையும் நம்பத் தயாராக இல்லை. மொத்தத் தொகையும் ஏற்கத்தகாத செலவாயிற்று.

தாளைத் தனியாகப் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை. அதே நாளின் வண்டிப் பதிவேட்டில் அந்த ஊருக்குப் போய்வந்த தூரம் இருக்கிறதா, சாப்பாட்டு ரசீதில் எத்தனை பேர், பயணப்படி வாங்கியவர்கள் எத்தனை பேர், அதே பெயர் அதே நாளில் வேறு ஊர்த் தாளில் இருக்கிறதா என்று பார்ப்போம். இவை ஒன்றோடொன்று பொருந்தினால், எழுதத் தெரியாதவர்களுக்காகப் பயிற்றுநரே பெயர் எழுதினார் என்ற விளக்கத்தை நான் ஏற்பேன். அதை இன்றைய தேதியிட்டு ஒரு குறிப்பாக எழுதி, பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கி, தாளோடு இணையுங்கள். பின்தேதி போடாதீர்கள். அடுத்த பயிற்சியிலிருந்து கைநாட்டு வாங்குங்கள், மைத்திண்டு ஒன்றும் பெரிய விலையில்லை.

சம்பளப் பிரிப்பு: தவறு. அமெரிக்க அரசு நிதிக்கான விதிகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. முன்கூட்டிப் போட்ட பட்ஜெட் விகிதம் மட்டும் சம்பளச் செலவுக்குச் சான்றாகாது. இடைக்காலத்துக்கு அப்படி எழுதலாம், பிறகு உண்மையில் உழைத்த நேரத்துக்கு ஏற்பத் திருத்தியாக வேண்டும். மாதாந்திர நேரப் பதிவு இல்லையென்றால் இந்த மாதமே தொடங்குங்கள். 14 பேரும் ஒவ்வொரு மாதமும் சரியாக 60, 25, 15 என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துணை மானியத்தில் மறைமுகச் செலவை எதன்மேல் கணக்கிடுகிறீர்கள்? அமெரிக்க அரசோடு பேசி முடிவு செய்த விகிதம் இல்லாதவர்களுக்கான அடிப்படை விகிதம் 2024 அக்டோபர் முதல் 10 விழுக்காட்டிலிருந்து அதிகபட்சம் 15 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. ஆனால் அதைக் கணக்கிடும் தொகையில் பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் பயணப்படி, உதவித்தொகை போன்றவை சேராது. பயிற்சியே முதன்மையான திட்டத்தில் இது பெரிய தொகை. பலர் எல்லாவற்றின் மேலும் போட்டுவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டுகிறார்கள்.

சேற்றுக்கால் பதில்:

நீங்கள் மூவரும் "தீர்க்கப்படாத முன்பணம்" என்கிறீர்களே, அது நான்தான். வேளாண் பட்டதாரி, களப்பணியாளன், என் பெயரில் இப்போது மூன்று முன்பணங்கள் நிற்கின்றன.

ஏன் நிற்கின்றன என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். உழவு வாடகைக்கு மூன்று விலைப்புள்ளி கேட்கிறது அலுவலகம். அந்த ஊரில் இருப்பது ஒரே டிராக்டர். அதன் உரிமையாளரிடமே மூன்று பெயரில் எழுதி வாங்கச் சொல்கிறீர்களா? மாதிரி வயலுக்கு நிலம் கொடுத்த அம்மாவிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. அவரிடம் வெற்றுத்தாளில் எழுதி வாங்கினால் "முத்திரை எங்கே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூன்றாம் முறை திரும்பி வந்த பிறகு, அதைப் பைக்குள் போட்டுவிட்டு விதைப்பைப் பார்க்கப் போனேன். மண்ணில் ஈரம் நிற்பது நான்கு நாள்.

எல்லாக் கணக்கரையும் சொல்லவில்லை. முந்தைய திட்டத்தில் ஒரு நிதி அலுவலர் பருவத்துக்கு ஒருமுறை எங்களோடு வண்டியில் ஏறி வருவார். அவர்தான், ரசீது தர முடியாதவர்களுக்காக ஒரு செலவுச்சீட்டை அச்சடித்துக் கொடுத்தார்: யாருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு, பெற்றவர் கைநாட்டு, சாட்சி ஒருவர். ஒரே ஆள்தான் கிடைப்பார் என்னும் இடங்களுக்குப் பருவம் தொடங்கும் முன்பே காரணம் எழுதி, ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டார். அந்த ஆண்டு என் பெயரில் ஒரு முன்பணம்கூட நிற்கவில்லை.

பச்சை மை பதில்:

அந்தச் செலவுச்சீட்டை, சிறு தொகைகளுக்கு மட்டும் என்று ஓர் உச்சவரம்போடு, அமைப்பின் நிதி நடைமுறைக் கையேட்டில் சேர்த்திருந்தால் நான் ஏற்பேன். வேலைக்கு முன் எழுதிய காரணத்தையும் ஏற்பேன். மூன்று பெயரில் ஒரே கையெழுத்தைத்தான் ஏற்கமாட்டேன்.

புதுக்கணக்கர் (16 நாள் கழித்து):

அனைவருக்கும் நன்றி. தலைவரிடம் பேசினேன். முதலில் முகம் சுளித்தார், 40,000 எடுத்துக்காட்டைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகு கடிதத்தில் கையெழுத்திட்டார். 14 பேரில் 12 பேர் வந்தார்கள். 46,000-க்கு ரசீதுகள் கிடைத்தன, 9,000 ரொக்கமாகத் திரும்பியது, 16,000 இன்னும் நிற்கிறது. செலவு இப்போது 2,58,000, அதாவது 64.5 விழுக்காடு. பள்ளம் 22,000. இந்த மாதச் சம்பளத்தை ஏற்றினால் இன்னும் குறையும். பருவம் தவறியது பற்றி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எழுதிவிட்டோம். "திருத்திய பணத்தேவை அட்டவணையையும் அனுப்புங்கள்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இந்த இரண்டு வரிக்காகவா மூன்று வாரம் தூக்கம் கெட்டது என்றிருக்கிறது.

மறைமுகச் செலவை எல்லாவற்றின் மேலும்தான் போட்டிருக்கிறார்கள். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அது தனிக் கதை.

ஒரே கையால் எழுதிய தாள் மட்டும் மிச்சம். வண்டிப் பதிவேடு பொருந்துகிறது, சாப்பாட்டு ரசீதில் 31-க்குப் பதிலாக 27 பேர். வியாழக்கிழமை அந்தப் பயிற்றுநரோடு ஊருக்கே போகிறேன். மூலத்தாளை எடுத்துச் செல்லலாமா?

பச்சை மை பதில்:

வேண்டாம். மூலம் அலுவலகத்தைவிட்டு நகரக்கூடாது, நகல் போதும். பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காதீர்கள், அவரை வண்டியருகே நிற்கச் சொல்லுங்கள். அந்த நான்கு பேர் சாப்பிடாமல் போனவர்களாகவும் இருக்கலாம்.

சேற்றுக்கால் பதில்:

காலையில் சீக்கிரம் போங்கள். பத்து மணிக்கு மேல் எல்லோரும் வயலில் இருப்பார்கள்.