டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. எட்டு மாதமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்).

போன மாதம் ஒரு திங்கள் இரவு படுத்தாலே மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே விடியவைத்தார். நீர் கோத்ததுதான் காரணம், எடை மூன்றரை கிலோ ஏறியிருந்தது. இப்போது தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு அளந்து தருகிறோம். ரசம், மோர்கூட அந்தக் கணக்கில்தான் (அம்மாவோடு தினமும் சண்டை). அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது என்று தெரியும். நான் கேட்பது வேறு.

ஊசி குத்தும்போது பயத்தில் மூச்சை அடக்கிவிடுகிறார். மாடிப்படி பத்து ஏறினால் இளைக்கிறது. டாக்டர் மூச்சுப் பயிற்சி செய்யலாம் என்றார். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் (மூச்சை இழுத்துப் பந்தை மேலே ஏற்றும் பயிற்சிக் கருவி) வாங்கினோம். இரண்டு பந்து ஏறுகிறது, மூன்றாவது அசையவே மாட்டேன் என்கிறது.

மெஷினில் இருக்கும்போதே செய்யலாமா, மறுநாள்தான் நல்லதா? கடைசி ஒரு மணி நேரத்தில் அவருக்கு பிபி இறங்கித் தலை சுற்றும், அதனால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சித்தப்பா கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் யோகப் பயிற்சி) செய்யச் சொல்கிறார். மற்ற நேரத்தில் பிபி 160 வரை போகிறவருக்கு அது வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. வயிற்றில் கை வைத்து மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து விடுவது மட்டும் தினம் ஐந்து நிமிடம் செய்கிறார்.

பிசியோதெரபிஸ்ட் யாராவது உங்கள் வீட்டில் கற்றுக்கொடுத்திருந்தால், எத்தனை தடவை, எந்த நிலையில் என்று எழுதுங்கள். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்குவோம்.