ரூட்டர் டேபிளில் கட்டை கையிலிருந்து பாய்கிறது

கேள்வி: ரூட்டர் டேபிளில் (சுழலும் வெட்டுமுனை மேலே நீட்டி நிற்கும் மரவேலை மேசை) 40 மி.மீ. அகலச் சட்டத்துக்கு ரவுண்ட் ஓவர் பிட் (விளிம்பை உருட்டும் வெட்டுமுனை) ஓட்டுகிறேன். இடமிருந்து வலமாகத் தள்ளும்போது கட்டை வெடுக்கென்று வலப்பக்கம் பாய்கிறது. பிட் மழுங்கிவிட்டதா?

பதில் 1: பிட் மேல் தப்பில்லை, தள்ளும் திசைதான் தப்பு. டேபிளில் மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். வலமிருந்து இடமாகத் தள்ளினால் பல் கட்டையை எதிர்த்து வெட்டும். மாற்றித் தள்ளினால் பல்லே கட்டையைப் பிடித்து இழுக்கும், பின்னாலேயே விரலும் போகும். இன்னொன்று: ஃபென்ஸுக்கும் (கட்டையை அணைத்துத் தள்ளும் தடுப்புப் பலகை) பிட்டுக்கும் இடையில் கட்டையை ஒருபோதும் நுழைக்காதீர்கள். அங்கே வலமிருந்து தள்ளினாலும் பறக்கும்.

பதில் 2: திசையோடு ஆழத்தையும் பாருங்கள். ஒரே தடவையில் முழுதும் வெட்டாமல், 3 மி.மீ. வீதம் இறங்குங்கள், கடைசித் தடவை அரை மி.மீ. போதும், கருகாமல் வரும். 50 மி.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட பிட்டுக்கு வேகம் நிமிடத்துக்கு 10,000 - 12,000 சுற்று. ஷாங்கை (பிட்டின் தண்டு) காலெட்டின் (அதைப் பிடிக்கும் கவ்வி) அடிவரை செருகி, 2 மி.மீ. மேலே தூக்கி முறுக்குங்கள். அடியில் முட்டியபடி முறுக்கினால் பிடி சரியாக இறுகாது, ஓடும்போது பிட் மெல்ல மேலேறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதெல்லாம்.

பதில் 3: சட்டம் ஒல்லியானது, ஃபெதர்போர்டு (கட்டையை அழுத்திப் பிடிக்கும் சீப்புப் பலகை) கட்டாயம். தள்ள புஷ் பிளாக் (கைப்பிடி வைத்த தள்ளுகட்டை), கையுறை வேண்டவே வேண்டாம். குறுக்கு முனையை (மர இழை வெட்டுப்பட்ட நுனி) முதலில் வெட்டுங்கள், பின்னால் ஒரு துண்டுக்கட்டை அணைத்து. அப்போதுதான் ஓரம் பிய்யாது.